வில்லில் எழுதிய எண்ணும் விரலுக்கு வரும் எடையும்

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வயது 41, உயரம் சரியாக 5 அடி. சொந்தமாகக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் உண்டு. என் தம்பியின் 45 பவுண்டு ரிகர்வ் (முனைகள் முன்னோக்கி வளைந்த) வில்லை எடுத்து இரண்டு மாதமாகப் பழகுகிறேன். நாலைந்து அம்பு விட்டதுமே கை நடுங்குகிறது. இடது தோள் இரவில் படுத்தால் வலிக்கிறது. “விட விடப் பழகிடும்க்கா” என்கிறான் தம்பி. குறிபார்க்கும் கருவி, கப்பி எதுவும் இல்லாத பழைய பாணி வில்தான் எனக்குப் பிடிக்கிறது. லாங்போ (நீண்ட நேர் வில்), ரிகர்வ், குதிரைவீரர் வில், மூங்கில் வில் இவற்றில் எதை வாங்கலாம்? 12 வயது மகளும் கேட்கிறாள். இருவருக்கும் ஒரே வில் போதுமா? என் மாமியார், “பொம்பளைக்கு எதுக்கு வில்லு?” என்கிறார். – ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

தம்பியின் வில்லை இன்றே அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது கெட்ட வில் இல்லை, உங்களுக்கான வில் இல்லை, அவ்வளவுதான். “விட விடப் பழகிடும்” என்பதைப் பயிற்சி மைதானங்களில் நிறையக் கேட்டிருக்கிறேன். பழகத்தான் செய்யும். ஆனால் பழகுவது வில்வித்தை அல்ல. தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு இழுப்பது, இடுப்பைப் பின்னால் வளைப்பது, நாண் முகத்துக்கு வந்து சேரும் முன்பே பயந்து விட்டுவிடுவது, இவைதான் பழகும். உடம்பில் ஏறிய பழக்கத்தை இறக்குவது புதிதாகக் கற்றுக்கொள்வதைவிடக் கடினம். இரண்டு மாதம்தான் ஆகியிருக்கிறது என்பது உங்களுக்கு நல்லது.

தோள் வலியைத் தள்ளிப்போடாதீர்கள். வில்லைப் பிடிக்கும் கையின் தோளில் வலி, அதுவும் படுக்கும்போது வலி என்றால், மூட்டைச் சுற்றியுள்ள தசைநார் புண்பட்டிருக்கலாம். எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பார்த்து, அவர் சரி என்று சொல்லும்வரை எந்த வில்லையும் இழுக்க வேண்டாம். லேசான வில்லைக்கூட வேண்டாம். அந்த இடைவெளியில் செய்ய வேண்டிய வேலை அளவெடுப்பதுதான். அதற்குத் தோள் வலிக்காது.

வில் தேர்வில் முதல் அளவு உங்கள் உடம்பின் அளவு. சுவரில் முதுகு ஒட்ட நின்று இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டுங்கள். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை மகளை அளக்கச் சொல்லுங்கள். அந்த மார் அளவை அங்குலத்தில் எடுத்து 2.5-ஆல் வகுத்தால், நீங்கள் நாணை எவ்வளவு தூரம் இழுப்பீர்கள் என்பது ஏறக்குறையக் கிடைக்கும். இதைத்தான் டிரா லெங்த் என்கிறோம். பெரும்பாலானவர்களுக்கு மார் அளவு உயரத்தை ஒட்டியே இருக்கும். உங்களுக்கு 60 அங்குலம் என்று வைத்தால் டிரா லெங்த் 24 அங்குலம். பிறகு ஒரு லேசான வில் கிடைக்கும்போது நீளமான அம்பில் அடையாளமிட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஒன்றிரண்டு அங்குலம் கூடலாம், குறையலாம்.

இந்த 24 என்ற எண்ணை மறக்காதீர்கள். கடையில் நடக்கும் குழப்பத்தில் பெரும்பகுதி இந்த எண்ணைக் கேட்காததால் வருகிறது.

வில்லின் மேல் ‘45’ என்று எழுதியிருந்தால், அதை இழுக்கும் எல்லோருக்கும் 45 பவுண்டு வரும் என்று பொருள் இல்லை. 28 அங்குலம் இழுக்கும்போது விரலில் வரும் எடை அது. பக்கத்திலேயே ‘@28’ என்று சின்னதாகப் பொறித்திருப்பார்கள். வில் செய்கிறவர்கள் உலகெங்கும் பொதுவாக வைத்துக்கொண்ட அளவு இது. கைப்பிடியின் குழிந்த இடத்திலிருந்து நாண்வரை 26¼ அங்குலம், அதோடு 1¾ அங்குலம் சேர்த்து 28 என்று கணக்கிடுவார்கள். ஏறக்குறைய 5 அடி 10 அங்குல உயரமுள்ள ஒருவருக்குப் பொருந்தும் அளவு. நம் மலையில் அந்த உயரத்தில் எத்தனை பெண்களைப் பார்த்திருக்கிறீர்கள்?

28-க்குக் குறைவாக இழுத்தால் எடையும் குறையும். லேசான வில்லில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 2 பவுண்டு அளவில் குறையும். 45 போன்ற கனமான வில்லில் 2.5 முதல் 3 பவுண்டுவரை குறையும். நீங்கள் 24 அங்குலம் இழுத்தால் தம்பியின் வில் உங்கள் விரலுக்குத் தருவது சுமார் 33 முதல் 35 பவுண்டு, அதாவது 15 கிலோவுக்குக் குறையாமல். ஒரு மாலைக்கு 40 அம்பு என்றால் 600 கிலோவை மூன்று விரலால் இழுத்து, முகத்தருகே நிறுத்தி, விடுகிறீர்கள். பழகியவருக்கு இது இயல்பு. புதிதாகத் தொடங்கும் தோளுக்கு இது காயம். நாலைந்து அம்புக்கு மேல் முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உடம்பு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

இதே கணக்கு எதிர்ப்பக்கமும் இடறும். “லேடீஸா? 20 பவுண்டு போதும்” என்று ஒரு கடையில் சொல்வார்கள். 28 அங்குலத்தில் 20 காட்டும் வில் உங்கள் 24-இல் 12 அல்லது 13 பவுண்டுதான் தரும். அதில் அம்பு சோம்பலாகப் போகும், பத்து மீட்டருக்குள்ளேயே விழத் தொடங்கும். அதைவிட முக்கியம், இவ்வளவு லேசான நாண் விரலிலிருந்து சுத்தமாகக் கழன்று போகாது, ஒட்டிக்கொண்டு இழுபடும். ‘எனக்கு வரலை’ என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். வராதது வில்.

உங்களைப் போலத் தொடங்குகிறவருக்கு விரலில் 18 முதல் 20 பவுண்டு வர வேண்டும் என்பது என் கருத்து. கிலோவில் 8 முதல் 9. அதற்கு வில்லில் எழுதியிருக்க வேண்டிய எண் 26 முதல் 28. கடையில் போய், “28 அங்குலத்தில் 28 பவுண்டு, ஆனால் நான் இழுப்பது 24” என்று இரண்டு எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டாவது எண்ணைக் கேட்டதும் விற்பவர் எதிர்க்கேள்வி கேட்டால் அவருக்குத் தொழில் தெரியும். கேட்காமல் வில்லை எடுத்து நீட்டினால் வேறு கடை பாருங்கள்.

எழுதிய எண்ணையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. உங்கள் ஊரில் பச்சை இலை எடை போடும் தொங்கு தராசு எந்த வீட்டிலும் இருக்கும். நாணேற்றிய வில்லின் நாண் நடுவில் தராசின் கொக்கியை மாட்டி, 24 அங்குலத்தில் அடையாளமிட்ட குச்சியைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, அந்த அடையாளம்வரை மெதுவாக இழுத்து முள்ளைப் பாருங்கள். வரும் கிலோவை 2.2-ஆல் பெருக்கினால் பவுண்டு. எழுதியதற்கும் தராசு காட்டுவதற்கும் இரண்டு மூன்று பவுண்டு வித்தியாசம் வருவது சகஜம். இழுத்துப் பார்த்த பிறகு நாணைச் சட்டென்று விட்டுவிடாதீர்கள். அம்பு இல்லாமல் நாணை விடுவது வில்லுக்கு ஆகவே ஆகாது. அம்பு வாங்கிக்கொண்டு போக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்குள்ளேயே திரும்பி, வளையும் பகுதி பிளந்துவிடும். கடையில் எடுத்துப் பார்க்கும்போதும் வீட்டில் யாராவது விளையாட்டாக இழுக்கும்போதும் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

எடை பொருந்துகிறதா என்று கடைசியில் சொல்ல வேண்டியது உடம்புதான். வில்லைத் தரையை நோக்கியும் பிடிக்காமல் வானத்தை நோக்கியும் தூக்காமல், தோள் மட்டத்தில் நேராக வைத்தே இழுங்கள். ஆள்காட்டி விரல் வாயோரத்தைத் தொடும் இடத்தில் நிறுத்தி, மெதுவாகப் பத்து எண்ணுங்கள். மூச்சு சீராக இருக்க வேண்டும், கை நடுங்கக் கூடாது, தோள் மேலே ஏறக் கூடாது. அடுத்த சோதனை பயிற்சியின் முடிவில். கடைசி ஆறு அம்பும் முதல் ஆறு அம்பைப் போலவே விட முடிந்தால் அந்த எடை உங்களுடையது. முதல் ஆறு மட்டும் நன்றாக வந்தால் இன்னும் இரண்டு மூன்று பவுண்டு குறைய வேண்டும்.

அடுத்தது வில்லின் நீளம். வில் குட்டையாக இருந்தால், முழுதாக இழுக்கும்போது நாண் கூர்மையாக மடிந்து மூன்று விரலையும் நெருக்கும். கடைசி இரண்டு அங்குலத்தில் எடை திடீரென்று ஏறும். மிக நீளமாக இருந்தால் உங்கள் 24 அங்குல இழுப்பில் வில் போதுமான அளவு வளையாது, விசை சேராது. ரிகர்வ் என்றால் 58 முதல் 62 அங்குலம், லாங்போ என்றால் 62 முதல் 64 அங்குலம் உங்களுக்குச் சரியாக இருக்கும். 68 அங்குல வில்லைக் குறைந்த விலையில் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இனி எந்த வகை என்ற கேள்வி. மரக் கைப்பிடியும், கழற்றி மாட்டும் லிம்ப்களும் (வில்லின் வளையும் பகுதிகள்) உள்ள டேக்டவுன் ரிகர்வைத்தான் முதல் வில்லாக உங்களுக்குச் சொல்வேன். அழகில் லாங்போவுக்கு இணை வராது, எனக்கே லாங்போதான் அதிகம் பிடிக்கும். ஆனாலும் இதைச் சொல்லக் காரணம், வளையும் லிம்ப்களை மட்டும் மாற்றி எடையை ஏற்றவோ குறைக்கவோ இதில் முடியும். ஆறு மாதம் கழித்துத் தோள் தேறி, 24 பவுண்டு விரலில் வேண்டும் என்று தோன்றினால், முழு வில்லையும் வாங்க வேண்டியதில்லை. வாங்கும்போதே அந்தக் கைப்பிடிக்கு வேறு எடையில் லிம்ப் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். ஒரு நிறுவனத்தின் திருகு லிம்ப் இன்னொன்றின் கைப்பிடியில் பெரும்பாலும் உட்காராது.

லாங்போ கையில் லேசாக இருக்கும். அம்பு விட்ட பிறகு கைக்கு வரும் அதிர்வு கொஞ்சம் கூடுதல். பொறுமையாகப் பழகுகிறவருக்கு அது அருமையான வில். தோள் முழுதாகத் தேறிய பிறகு இரண்டாவது வில்லாக வையுங்கள்.

குதிரைவீரர் வில் என்று நீங்கள் எழுதியிருப்பது துருக்கி, மங்கோலியா, கொரியா வழியில் வரும் குட்டை வில். 48 முதல் 54 அங்குலம் இருக்கும். அம்பை வைக்கத் தட்டு கிடையாது, உங்கள் கைவிரல் முட்டியின் மேலேதான் அம்பு ஓடும். கையுறை இல்லாமல் விட்டால் இறகு தோலைக் கிழிக்கும். அந்த நாடுகளில் மூன்று விரலால் இழுப்பதில்லை. கட்டைவிரலில் மோதிரம் போட்டு, அந்த விரலால் நாணைக் கொக்கி போல் பிடித்து, காதுக்குப் பின்னால்வரை இழுக்கிறார்கள். வலக்கையால் இழுப்பவர் அம்பை வில்லின் வலப்பக்கம் வைப்பார். மூன்று விரலால் இழுப்பவர் வைக்கும் பக்கத்துக்கு இது நேர் எதிர். காதுவரை இழுத்தால் உங்கள் 24 அங்குலம் 27-க்கு மேல் போகும், அதோடு எடையும் ஏறும். அந்த வில்லை வாங்குவதானால் எல்லாவற்றையும் புதிதாக அளக்க வேண்டும், கட்டைவிரல் பிடி தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மூங்கில் வில்லைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. இந்த மலைக்கும் அதற்கும் உறவு உண்டு. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து முள்ளுக்குறும்பர் பழங்குடியினரின் வாழ்க்கையில் வில்லுக்கு இன்றும் மரியாதை இருக்கிறது. அதற்கு அடுத்த வயநாட்டில் 1802-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பனமரம் கோட்டையைத் தாக்கிப் பிடித்தவர்கள் குறிச்சியப் பழங்குடி வில்லாளிகள். நம் நாட்டுத் தேசியப் போட்டிகளில் ‘இந்தியன் ரவுண்ட்’ என்ற பிரிவு மூங்கில், மர வில்லுக்காகவே இருக்கிறது. 50 மீட்டரிலும் 30 மீட்டரிலும் விடுவார்கள். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற ஜார்க்கண்டின் தீபிகா குமாரி சிறு வயதில் மூங்கில் வில்லில் பழகியவர்தான். ஆக, மூங்கில் வில் மட்டமானது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

ஆனால் மூங்கில் வில்லை வாங்குவதைவிடச் செய்விப்பதுதான் முறை. நன்கு முற்றிக் காய்ந்த மூங்கிலில், வழவழப்பான வெளித்தோல் இலக்கைப் பார்த்த பக்கமாக வர வேண்டும். வளையும்போது அந்தப் பக்கம் இழுபடுகிறது, உங்களைப் பார்த்த பக்கம் நசுங்குகிறது. வெளித்தோலின் நார் அறாமல் இருந்தால்தான் இழுப்பைத் தாங்கும். வாங்கும்போது அந்தப் பக்கத்தில் கத்தி பட்டிருக்கிறதா, கணுவை அளவுக்கு மீறிச் சீவியிருக்கிறார்களா என்று தடவிப் பாருங்கள். செய்பவரிடம் 24 அங்குலம் என்று சொல்லுங்கள். மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே மாதிரி வளைகின்றனவா என்று பார்த்துப் பார்த்துச் சீவி, உங்கள் இழுப்புக்கு அதைப் பக்குவப்படுத்துவார். அப்படிச் செய்த வில்லைத் தம்பி கையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். 24-க்குப் பக்குவப்படுத்திய ஒற்றை மூங்கிலை ஒருவர் 28-க்கு இழுத்தால், அது அவர் கையிலேயே முறியலாம்.

கோத்தகிரியின் ஈரத்தையும் கணக்கில் எடுங்கள். உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெருமழை. வீட்டுச் சுவரே வியர்க்கும் நாட்களில் மூங்கிலும் மரமும் ஈரம் குடித்து எடை குறையும், நாணைக் கழற்றிய பிறகும் வளைந்தபடியே நிற்கும். கொம்பு, தசைநார், பசை சேர்த்துச் செய்யும் அசல் கூட்டு வில்லுக்கு இந்தச் சீதோஷ்ணம் இன்னும் ஒத்துவராது. மரத்தின்மேல் ஃபைபர் கிளாஸ் ஒட்டிய ரிகர்வ் இதைத் தாங்கும், நான் அதை முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். எந்த வில்லானாலும் விட்டு முடித்ததும் நாணைக் கழற்றி, துணியால் துடைத்து, உள்சுவரில் இரண்டு ஆணி அடித்துப் படுக்கையாக வையுங்கள். மூலையில் சாய்த்து நிறுத்தினால் லிம்ப் முறுக்கிக்கொள்ளும். கணப்புக்குப் பக்கத்தில் காய வைக்கக் கூடாது. மேட்டுப்பாளையம், கோவை போகும்போது வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச் செல்லவும் கூடாது, ஒட்டிய அடுக்குகள் பிரிந்துவிடும்.

எந்தக் கை வில் என்பதைக் கடைக்காரர் உங்கள் எழுதும் கையை வைத்து முடிவு செய்வார். கண்ணையும் பாருங்கள். இரண்டு உள்ளங்கையையும் நீட்டிச் சேர்த்து நடுவில் ஒரு சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியே இரண்டு கண்ணாலும் ரங்கசாமி மலை உச்சியைப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது உச்சி மறைகிறதோ அதுதான் உங்கள் முதன்மைக் கண். வலக்கண் என்றால் வலக்கையால் நாணை இழுக்கும் வில் வேண்டும், இடக்கண் என்றால் அதற்கு மாறானது. கையும் கண்ணும் மாறி அமைந்தவர்கள் கண்ணின் பக்கம் போவதுதான் நல்லது என்பேன். தொடக்கத்திலேயே மாற்றிக்கொண்டால் கை சீக்கிரம் பழகிவிடும். உங்களுக்கு இடது தோளில் வலி இருப்பதால் இதை மருத்துவரிடமும் கலந்து பேசுங்கள்.

கைப்பிடியைச் சிலர் கவனிப்பதே இல்லை. சின்ன உள்ளங்கைக்குத் தடித்த கைப்பிடி கிடைத்தால் இறுக்கிப் பிடிக்கத் தோன்றும். இறுக்கினால் வில் திரும்பும், அம்பு பக்கவாட்டில் போகும். கட்டைவிரலின் அடிச்சதையில் வில் அமர்ந்திருக்க, விரல்கள் தளர்ந்து கிடக்க வேண்டும். மரக் கைப்பிடி என்றால் தேய்த்துக் குறைக்கலாம், தோல் சுற்றிக் கூட்டலாம்.

அம்பு வாங்குவதை வில்லுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கையிலிருக்கும் பணம் முழுவதையும் வில்லில் போட்டுவிடாதீர்கள். நாணின் விசை தாக்கும்போது அம்பு நேராகப் போவதில்லை, நெளிந்து வில்லைச் சுற்றிக்கொண்டு போகிறது. வில்லின் எடைக்கேற்ற நெளிவு அம்பில் இருக்க வேண்டும். கார்பன் அம்பில் இதை ஓர் எண்ணால் குறிப்பார்கள், எண் கூடக் கூட அம்பு மென்மையாகும். தம்பியின் வில்லுக்கு 500-இல் இருக்கும் அம்பு உங்கள் 20 பவுண்டுக்கு விறைப்பான கம்பி. உங்களுக்கு 1000-க்குப் பக்கத்தில் பாருங்கள். நீளம் 26 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். அம்பின் எடை, வில்லின் ஒரு பவுண்டுக்கு 8 கிரெய்னாவது (அம்பை நிறுக்கும் சிறு அளவு) இருக்க வேண்டும், உங்களுக்குச் சுமார் 10 கிராம். அதைவிடக் கனமானால் நல்லதுதான், வில்லும் அமைதியாக இருக்கும். மரத்தட்டின் மேல் வைத்து விடும் பாணிக்குப் பிளாஸ்டிக் இறகு ஒத்துவராது, தட்டில் இடித்து அம்பை உதைத்துத் தள்ளும். பறவை இறகு ஒட்டியதைக் கேளுங்கள். மழையில் இறகு நனைந்து படிந்துவிடும், காய்ந்ததும் எழும்.

நாணேற்ற, அதற்கென்று இருக்கும் கயிறான ஸ்டிரிங்கரைப் பயன்படுத்துங்கள். காலுக்கிடையில் வைத்து வளைக்கும் பழக்கம் ரிகர்வின் லிம்ப்பை முறுக்கிவிடும். பழைய வில் எதையாவது வாங்க நேர்ந்தால், நாணேற்றி ஒரு முனையிலிருந்து கண்ணை ஓட்டிப் பாருங்கள், நாண் இரண்டு லிம்ப்பின் நடுவிலும் ஓட வேண்டும். லிம்ப்பின் ஓரங்களில் பஞ்சை மெதுவாகத் தேய்த்துக்கொண்டு போனால் கண்ணுக்குத் தெரியாத பிளவிலும் பஞ்சு சிக்கும். சிக்கிய வில்லை வாங்க வேண்டாம்.

கோத்தகிரிக் குளிரில் ஸ்வெட்டர் போடாமல் இருக்க முடியாது. முன்கையில் ஸ்வெட்டரின் மேலேயே தோல் காப்பைக் கட்டுங்கள், இல்லாவிட்டால் நாண் கம்பளியில் சிக்கும். தாலிச் சங்கிலியை உள்ளே விட்டுக்கொள்ளுங்கள், ஜிமிக்கியைக் கழற்றுங்கள், துப்பட்டாவோ சால்வையோ வேண்டாம், முடியைக் கட்டுங்கள். மார்புக் காப்பு பெண்களுக்கென்றே கிடைக்கிறது, கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

எங்கே விடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். தேயிலைச் சரிவில் செடிக்கு நடுவே குனிந்து இலை பறிப்பவர் தூரத்திலிருந்து தெரிவதில்லை, ஒற்றையடிப் பாதையில் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். வெட்டி நிறுத்திய மண்மேட்டுக்கு முன்னால் மட்டும் இலக்கை வையுங்கள். சாக்கில் பழைய துணியை நெருக்கித் திணித்தால் உங்கள் எடைக்கு நல்ல இலக்கு. காட்டெருமை வந்து நின்றால் வில்லைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள். காட்டுக்குள் வில்லோடு போகவே வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்பதில் வில்லும் அம்பும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. சரணாலயத்துக்குள் எழுத்து மூல அனுமதியின்றி அவற்றை எடுத்துச் செல்வதே குற்றம், எய்தாலும் எய்யாவிட்டாலும். முதுமலைக்கும் இது பொருந்தும், பழனி மலையில் 2013-இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் சரணாலயத்துக்கும் பொருந்தும்.

மாமியாருக்கு என்ன சொல்வது? நம் மலையின் தோடர் வழக்கத்தைச் சொல்லுங்கள். தோடர்கள் எருமை மேய்ப்பவர்கள், வேட்டையாடுவதில்லை. ஆனாலும் மனைவி கருவுற்ற ஏழாம் மாதத்தில் கணவன் குச்சியாலும் புல்லாலும் ஆன சின்ன வில்லையும் அம்பையும் அவள் கையில் கொடுக்கும் சடங்கு அவர்களிடம் உண்டு. பிறக்கப்போகும் குழந்தைக்குத் தான் தகப்பன் என்று ஊரறிய ஏற்பது அது. இந்த மலையில் ஒரு பெண்ணின் கையில் வில்லைக் கொடுப்பது மங்கலமான காரியம். பெரியவர் கேட்டது அக்கறையால்தான் என்று எடுத்துக்கொண்டு, முதல் நாள் அவரையும் அழைத்துப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

கடைசியாக மகள். ஒரே கைப்பிடியை இருவரும் வைத்துக்கொள்ளலாம், ஒரே லிம்ப்பை வைத்துக்கொள்ள வேண்டாம். அவள் 22 அங்குலம் இழுப்பாள் என்று வைத்தால் உங்கள் 28 பவுண்டு லிம்ப் அவளுக்குச் சுமார் 16 பவுண்டாக வரும். 12 வயதுத் தோளுக்குத் தொடக்கத்தில் அது கூடுதல். அதே கைப்பிடிக்கு 22 அல்லது 24 பவுண்டு என்று எழுதிய இன்னொரு சோடி லிம்ப் வாங்கினால் அவள் விரலுக்கு 10 முதல் 12 பவுண்டு வரும், அதுதான் சரி. கைப்பிடியை நீட்டிப் பிடிப்பதே அவளுக்குக் கனமாக இருந்தால், 54 அங்குலத்தில் சிறுவர்க்கான தனி வில் வாங்குங்கள். பின்னால் போட்டிக்குப் போக ஆசைப்பட்டால் இந்தியன் ரவுண்டுக்கு மூங்கில் வில்லில் பழக்கும் பயிற்சியாளரிடம் சேர்த்துவிடலாம்.

அம்பை மட்டும் கண்டிப்பாகத் தனித்தனியாக வையுங்கள், நிறம் மாற்றி வாங்குங்கள். அவளுடைய குட்டை அம்பை நீங்கள் தெரியாமல் எடுத்து 24 அங்குலம் இழுத்தால், முனை தட்டைத் தாண்டி உள்ளே வந்து உங்கள் கையிலேயே பாயக்கூடும். அவளுக்கு வாங்கும்போது இழுப்பைவிட 3 அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டச் சொல்லுங்கள். வளரும் பிள்ளை என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மார் அளவை எடுத்து, முழுதாக இழுக்கும்போது அம்பு முனை வில்லுக்கு முன்னால் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். ஓர் அங்குலத்துக்குக் குறைந்துவிட்டால் அந்த அம்புகளை எடுத்துவிட்டு நீளமானதை வாங்கிக் கொடுங்கள்.